உப்புக் காற்றும் ஹேங் ஆகும் லேப்டாப்பும்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய வீடுகளில் ஜன்னல் கம்பியே சில வருடங்களில் பொரிந்து உதிர்கிறது. அதே காற்றைத்தான் லேப்டாப்பின் ஃபேனும் உள்ளே இழுக்கிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. அடிக்கடி ஹேங் ஆனால் ‘போர்டு போயிடுச்சு’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதையே கடலிலிருந்து தள்ளியிருக்கும் திண்டிவனம் கடைக்குக் கொண்டுபோனால் நன்றாக ஓடும்!

காரணம் உப்பு. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஜாடியில் கல்லுப்பு கசிவது இதனால்தான். மதர்போர்டில் படிந்த உப்புத் துகளும் அப்படித்தான் கசிந்து, பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு நடுவே மின்சாரத்தைக் கசியவிடுகிறது. ரேம் பட்டையின் தங்க முலாம் மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியாக ஈரம் இறங்கி, அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்கிறது. ஒரே ஒரு முனை கணநேரம் தொடர்பு விட்டாலும் திரை அப்படியே நின்றுவிடும். உலர்ந்தால் மறுபடி ஓடும்.

சோதனைக்கு முன் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிடுங்கள். ஹேங் ஆகவில்லையென்றால் சந்தேகம் டிஸ்க் மீதோ விண்டோஸ் மீதோ திரும்புகிறது. டிஸ்க்கை மறுபடி மாட்டி ஓட்டும்போது மவுஸ் நகர்கிறது, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, சற்று நேரத்தில் மீள்கிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க்தான். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் பழுதான செக்டர்களின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். லினக்ஸிலும் மவுஸ் உறைந்து, ஒலி ஒரே இடத்தில் திக்கினால் ரேமைச் சந்தேகிக்கலாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓட்டுங்கள். வேலை கூடும்போது மட்டும் நின்றால் சூடு. ஃபேனில் தூசியும் உப்பும் அடைத்திருக்கும், பிராசசர் மீதுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கும்.

ரேமை ரப்பரால் தேய்ப்பது நம் கடைகளில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மிச்சமிருக்கும் தங்கமும் போய்விடும். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, முழுக்க உலரவிடுவதே சரி. சிப்பின் அடிவரை பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் மட்டுமே போர்டைக் கைவிடலாம்.

ஓடும் லேப்டாப் தன் சூட்டிலேயே ஓரளவு உலர்ந்துகொள்ளும். கடலோரத்தில் இருப்பவர்கள் அதை மாதக்கணக்கில் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்.