சத்தமா? மெதுவா? பியானோ சொல்லும் ரகசியம்



எங்க தெரு சர்ச்சில ஒரு சின்ன கீபோர்டு இருக்கு. கிறிஸ்துமஸ் சமயத்தில் தொட்டுப் பார்க்க விட்டாங்க. மெதுவா அமுக்கினேன். ஓங்கிக் குத்தினேன். ரெண்டுக்கும் ஒரே சத்தம்தான்! "பியானோன்னா இப்படி இல்லம்மா, விரலுக்கு ஏத்த மாதிரி சத்தம் வரும்" என்றார் வாசிக்கிற அண்ணன். அது எப்படி என்று தேடிப் படித்தேன்.

1700-ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பார்தலோமியோ கிறிஸ்டோபோரி என்பவர் பியானோவை உருவாக்கினார். அதற்கு முன்பே இருந்த ஹார்ப்சிகார்டில் ஒரு சிறு இறகுத் தண்டு கம்பியைச் சுண்டும். எப்படி அமுக்கினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். இவரோ சுண்டுவதற்குப் பதில் குட்டிச் சுத்தியலால் கம்பியைத் தட்ட வைத்தார். இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் மெதுவாக, 'போர்ட்டே' என்றால் பலமாக. அதனால்தான் அதன் முழுப்பெயர் பியானோபோர்ட்டே!

இப்போதைய பியானோவில் 88 கட்டைகள். ஒரு கட்டை சுமார் 1 செ.மீ. கீழே இறங்கும். அதற்குள் சுத்தியல் சுமார் 4.5 செ.மீ. பாயும். கம்பியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாடியே கட்டை சுத்தியலை விட்டுவிடும். சுத்தியல் தானாகப் போய்த் தட்டிவிட்டுத் திரும்பும். ஆகவே சத்தத்தைத் தீர்மானிப்பது சுத்தியலின் வேகம். தட்டிய பிறகு எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் கூடாது.

சுத்தியல் ஏன் உடனே திரும்பணும்? வீட்டில் செய்து பாருங்கள். எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டிவிட்டு ஸ்பூனை அங்கேயே வைத்தால் 'டக்'. தட்டினதும் எடுத்தால் 'டிங்ங்ங்'!

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. பியானோவில் மெதுவாக வாசிப்பதுதான் கஷ்டமாம். ரொம்ப மெதுவா அமுக்கினால் சுத்தியல் கம்பி வரைக்கும் போகவே போகாது, சத்தமே வராது. சத்தமா வாசிக்க வேகம் போதும். மெதுவா வாசிக்க விரல் அடக்கம் வேணும்.

காலைப் பிரேயரில் நான்தான் எல்லாரையும் விட சத்தமாகப் பாடுவேன். அதில் எனக்குப் பெருமை. இதைப் படித்த பிறகு ஒருநாள் குரலைக் குறைத்துப் பாடினேன். பக்கத்தில் நிற்கிற தோழியின் குரல் முதல் தடவையாகக் கேட்டது. என்னைவிட நல்லா பாடுறா! இத்தனை நாளா நான்தான் அதை மறைச்சிருக்கேன்.

நாளைக்கு நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி