ஹஜ்ஜுப் பெருநாள்: வாசல் தாண்டும் பங்கு



ஒரே பெருநாளுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அதனைப் ‘பக்ரீத்’ என்பார்கள். ஏடுகளில் ‘தியாகத் திருநாள்’ என்று எழுதுவார்கள். மருதமுனை தொடங்கி கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் வழியாக அக்கரைப்பற்று வரை நீளும் நமது கரையோரத்திலோ ‘ஹஜ்ஜுப் பெருநாள்’ என்பதே வழக்கு. மக்காவில் ஹாஜிகள் நிறைவேற்றும் கடமையின் பெயரை, அங்கு செல்ல வசதியற்ற மீனவரும் நெசவாளரும் வயற்காரரும் தம் ஊர்ப் பெருநாளுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

அந்த உறவு பெயரோடு நின்றுவிடுவதில்லை. துல்ஹஜ் பிறை 9 ஹாஜிகள் அரபாவில் தங்கும் நாள். அந்நாளை நினைந்து இங்கே நோன்பு நோற்கிறார்கள். அன்று சுபஹு முதல் பிறை 13 அஸர் வரை தொழுகைகளின் பின் தக்பீர் ஒலிக்கிறது. பிறை 10 காலையில் பெருநாள் தொழுகை. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம்மவர், முதல் றக்அத்தில் 7, இரண்டாவதில் 5 என மேலதிகத் தக்பீர்கள் கூறித் தொழுவர். தொழுகையும் குத்பாவும் முடிந்த பின்னரே உழ்ஹிய்யா. தொழுகைக்கு முன் அறுத்தால் அது வெறும் இறைச்சியே, குர்பான் ஆகாது.

கிழக்கிலங்கையில் வீடு பெண்ணுக்குரியது. மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டிலே வாழ்கிறான். ஆகவே தொழுகை முடிந்ததும் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி அவன் தன் உம்மாவின் வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லி வருவது பெருநாளின் இன்றியமையாத அங்கமாகிவிட்டது. வட்டிலப்பம் அங்கே காத்திருக்கும்.

இனி, பெருநாளின் உட்பொருளுக்கு வருவோம். இப்றாஹீம் நபி (அலை) அவர்கள் முதுமையில் பெற்ற மகனை அறுத்துப் பலியிடுவதாகக் கனவு கண்டார்கள். அதனை மகனிடமே எடுத்துரைத்தார்கள், மகனும் உடன்பட்டார். இருவரும் முற்றாகப் பணிந்த வேளையில் மகனுக்கு ஈடாகப் பலிப்பிராணி அருளப்பட்டது. பிள்ளை உயிரோடு வீடு திரும்பினார். ஆகவே, இறைவன் கேட்டது உயிரையன்று. ‘இது என்னுடையது’ என்று மனிதன் பற்றியிருக்கும் பிடியைத்தான். அறுக்கப்படும் பிராணியின் எந்தப் பகுதியும் இறைவனுக்குத் தேவையில்லை, அறுப்பவரின் இறையச்சமே அவனுக்கு வேண்டும் எனும் கருத்தைக் குர்ஆனின் 22ஆவது அத்தியாயம் தெளிவாக்குகிறது.

அப்படியாயின் இறைச்சி யாருக்கு? மார்க்கச் சட்டம் இதற்கு நுணுக்கமாக விடை கூறுகிறது. ஓர் ஆடு ஒருவருக்கு. ஒரு மாட்டில் ஏழு பேர் சேரலாம். குருடு, நொண்டி, நோயுற்றது, மெலிந்தது ஆகாது. தனக்கு வேண்டாததைக் கொடுப்பது கொடையல்லவே! அறுப்பவரின் கூலியை இறைச்சியாகவோ தோலாகவோ கொடுக்கலாகாது. கைக்காசிலிருந்தே கொடுக்க வேண்டும். கொடுப்பவர் தோலை விற்கவும் கூடாது.

வீட்டுக்கு, உறவினருக்கும் அயலவருக்கும், ஏழைகளுக்கு என மூன்று பங்காக்குவது நம்மிடையே வழக்கம். ஆனால் பரக்கத்துக்காகச் சிறிதளவு உண்டு, மிகுதியைக் கொடுத்துவிடுவதையே ஷாபிஈ சட்ட நூல்கள் சிறந்ததாகக் கூறுகின்றன. ஏழையின் பங்கைச் சமைத்துக் கொடுத்தால் போதாது. பச்சையாகவே கொடுக்க வேண்டும். சமைத்துப் போட்டால் அவன் விருந்தாளி. பச்சையாகக் கொடுத்தாலோ அவன் அப்பொருளின் சொந்தக்காரன். ஆணம் காய்ச்சலாம், உலர்த்தி வைக்கலாம், விற்கவும் செய்யலாம். வாங்குபவனின் கண்ணியத்தைக் காக்கும் ஏற்பாடு இது.

காலத்தின் தேவையையும் இந்தப் பெருநாள் புறக்கணித்ததில்லை. பசித்த மக்கள் மதீனாவுக்குள் வந்து சேர்ந்த ஓர் ஆண்டில், குர்பான் இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் சேமிக்க வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்நெருக்கடி நீங்கியபின் சேமிக்க அனுமதித்தார்கள்.

அத்தகைய ஓர் ஆண்டை நமது கரையோரமும் கண்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த கடல், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிரிழப்பு இங்கேதான். ஒரு மாதம் நிறையுமுன், 2005 ஜனவரியில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. முந்திய ஆண்டு பங்கு கொடுத்த பலர், பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒதுங்கியிருந்து பங்கு வாங்கும் நிலைக்கு ஆளானார்கள். வீடும் அடுப்பும் இல்லாதவர் கையில் பச்சை இறைச்சியைக் கொடுத்து என்ன பயன்? ‘கொடுப்பவனுக்கு என்ன கடமை’ என்பதோடு ‘வாங்குபவனுக்கு எது தேவை’ என்றும் கேட்க வேண்டும் என்பதை அந்தப் பெருநாள் கற்பித்தது. வாங்குபவர் என்றொரு தனிச் சாதி இல்லை என்பதையும் அதுவே கற்பித்தது.

இன்று குளிரூட்டிகள் நிறைகின்றன. வசதியுள்ளோரின் கேற்றுக்கு முன்னே பையோடு தாய்மார் வெயிலில் காத்து நிற்கும் காட்சியும் அங்கங்கே தென்படுகிறது. இறைச்சி கிடைத்துவிடுகிறது, சட்டம் காக்க முனைந்த கண்ணியம் அந்த வரிசையிலே கரைந்து போகிறது. பள்ளிவாசலும் இளைஞர்களும் முன்கூட்டியே பட்டியல் எடுத்து, பங்கை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது முடியாத காரியமா? பாண்டிருப்பிலுள்ள இந்து நண்பரின் வீட்டுக்கு இறைச்சியை அனுப்பாமல் பலகாரம் அனுப்புகிறோமே. வாங்குபவரை எண்ணிக் கொடுக்கும் பண்பு நமக்குப் புதிதன்று. அதே பண்பு நம் தெருக்கோடியில் வாழும் விதவையின் வீடு வரைக்கும் நடந்துபோக வேண்டும்.

நேயர்கள் அனைவருக்கும் ஈத் முபாரக்.