வளர்ச்சி குன்றும் பிள்ளையும் குரோன் நோயும்

கண்டி நகரத்திலாயினும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலாயினும், பிள்ளையொன்று வயிற்றுவலி என்றால் வீட்டார் முதலில் பூச்சி மருந்தையே நினைப்பர். பாடசாலையிலோ அது பாடத்துக்கு அஞ்சிச் சொல்லும் சாட்டெனக் கருதப்படுவதுமுண்டு. பெரும்பாலான வலிகள் தாமே தணிந்துவிடும். ஆனால், வாரக்கணக்கில் நீளும் வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம், எடை குறைதல், வாய்ப்புண், ஆசனவாயருகே வெடிப்பு, அடிக்கடி காய்ச்சல் ஆகியன உடன்சேருமாயின், அதனைச் சாட்டென்று தள்ளுதல் பெரும் பிழையாகும்.

இவ்வறிகுறிகளை உண்டாக்கும் நோய்களுள் ஒன்று குரோன் நோய். 1932ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து வைத்தியர்களான குரோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் ஆகிய மூவர் இதனை விரித்துரைத்தனர். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே நெறிதவறிக் குடலைப் புண்ணாக்குகின்றது. இது தொற்றுநோயன்று.

சிறுவரிடத்து இந்நோய் வளர்ச்சியையே தடுக்கின்றது. சிலரிடம் வலி தோன்றுமுன்பே உயரம் தடைப்படும். காலைக் கூட்டத்தில் உயர வரிசையின் நடுவில் நின்ற பிள்ளை ஈராண்டில் முன்னிடத்துக்கு வந்துவிட்டால், அது கவனிக்கத்தக்க அறிகுறியாகும்.

ஒரே சோதனையால் இந்நோயைத் துணிய முடியாது. இரத்தமும் மலமும் சோதிக்கப்பட்டபின், மயக்கமருந்து கொடுத்துக் குடலினுள் உள்நோக்குக் குழாயைச் செலுத்திச் சிறு திசுத்துண்டுகள் எடுக்கப்படும். நம் நாடுகளில் குடற் காசநோயும் இதே இடத்தில், இதே தோற்றத்தில் வரக்கூடும். காசநோயுள்ள பிள்ளைக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்தால் அந்நோய் பெருகும். குரோன் நோயுள்ள பிள்ளைக்குக் காசநோய் மருந்தை மட்டும் கொடுத்தால் வளரவேண்டிய காலம் வீணாகும். ஆகவே, ஐயம் எழுந்தவுடன் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்து நிபுணரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.

சிகிச்சையில் சிறுவருக்கென ஒரு தனிவழி உண்டு. ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை வழக்கமான உணவை நிறுத்தி, முழுமையான சத்துள்ள திரவ உணவை மட்டும் கொடுத்தால் பலருக்குப் புண் ஆறத் தொடங்கும். ஸ்டீரோயிட்டு மருந்துகளும் விரைந்து பயன்தரும்; எனினும், நீண்டகாலம் கொடுத்தால் அவையே வளர்ச்சியைக் குறைக்கும். பின்னர் நோய் மீளாதிருக்க அசாதயோபிரின், மெதோட்ரெக்சேற்று முதலியனவும், கடுமையான நிலையில் இன்ஃபிளிக்சிமாப் ஊசியும் பயன்படும். இவ்வூசிக்கு முன் மறைந்திருக்கும் காசநோய் உண்டாவெனச் சோதித்தல் இன்றியமையாதது. குடல் சுருங்கி அடைபட்டால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

நோயை வேரோடு களைய மருந்தில்லை, அடக்கிவைக்க மருந்துண்டு. அதுவரை வகுப்பாசிரியர் செய்யக்கூடியது ஒன்று: அப்பிள்ளை மலகூடம் செல்ல எழும்போது, காரணம் கேளாது வழிவிடுவது.