உங்களுக்குத் தெரியுமா? ஓசியை வென்ற 99 சென்ட்

1999-இல் வந்த நாப்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள், பாடல்களை இணையத்தில் ஓசியில் அள்ள மக்களைப் பழக்கிவிட்டது. இனி யார் காசு கொடுப்பார்கள் என்று இசை நிறுவனங்கள் கையைப் பிசைந்தன. 2003 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் இணைய இசைக் கடையைத் திறந்தது. பாட்டு ஒன்று 99 சென்ட். முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாடல்கள் விற்றன. தொடக்கத்தில் ஆப்பிளின் மேக் கணினியில் மட்டுமே கடை இயங்கியதால், அதை வைத்திருந்த வசதிக்காரர்கள்தானே வாங்கினார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் விண்டோஸுக்கும் கடை வந்தது, 2010 பிப்ரவரியில் மொத்த விற்பனை 1,000 கோடிப் பாடல்களைத் தொட்டது. அப்போதும் திருட்டுப் பிரதிகள் இணையத்தில் இறைந்துதான் கிடந்தன. ஆகவே விலையை மட்டும் பார்த்து மக்கள் முடிவெடுக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஓசிக் கோப்பில் பாதியில் அறுந்த பாட்டு, தப்பான பெயர், வைரஸ் பயம். கடையிலோ 30 விநாடி கேட்டுப் பார்த்து, ஒரே சொடுக்கில் முழுப் பாட்டையும் வாங்கி, சிடியிலும் பதிந்துகொள்ள முடிந்தது.