படத்துக்கும் கரை உண்டு

புடவைக்குக் கரை உண்டு. வயலுக்கு வரப்பு உண்டு. கரை இருந்தால் ஒரு பொருள் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். படத்துக்கும் அப்படித்தான்.

முன்பெல்லாம் குடும்பப் புகைப்படங்களை ஓர் ஏட்டில் ஒட்டி வைப்பார்கள். படத்தைச் சுற்றிக் கோடு போடுவார்கள். ஓரத்தில் பூ வரைவார்கள். பெயரும் தேதியும் எழுதுவார்கள். இன்று இதே வேலையைக் கணினியில் செய்கிறார்கள். பசை வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம். செய்து முடித்ததும் தாளில் அச்சிட்டுக் கொள்ளலாம். இந்த நினைவேட்டில் படத்தைச் சுற்றிக் கரை போடுவது எப்படி?

மதுபனியின் இரட்டைக் கோடு

படத்துக்குக் கரை போடுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பீகாரில் மதுபனி, தர்பங்கா பகுதிப் பெண்கள் வீட்டுச் சுவரில் படம் எழுதுவார்கள். கல்யாணம் என்றால் மணமக்கள் அறைச் சுவரில் தாமரை, மூங்கில், மீன், கிளி எல்லாம் வரும். விளக்குக் கரியில் கறுப்பு மை. மூங்கில் குச்சியே பேனா.

அவர்கள் போடும் கோட்டைக் கவனிக்க வேண்டும். பல இடங்களில் ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு ஓடும். இரண்டுக்கும் நடுவே சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள் இருக்கும். படத்தைச் சுற்றிப் பூவும் கொடியுமாக ஒரு கரையும் உண்டு. 1966-67இல் பீகாரில் கடும் வறட்சி வந்தது. பெண்களுக்கு வருமானம் கிடைப்பதற்காக, சுவரில் எழுதிய படங்களைத் தாளில் எழுதும்படி அகில இந்தியக் கைவினை வாரியம் ஊக்கம் தந்தது. சுவரில் இருந்த கரையும் தாளுக்கு வந்தது.

முகலாய மன்னர்களும் படங்களை ஏடுகளாகத் தொகுத்தார்கள். ஜஹாங்கீர் காலத்திலும் (1605-1627) ஷாஜஹான் காலத்திலும் (1628-1658) சிறந்த ஏடுகள் உருவாயின. படத்தைப் பெரிய தாளில் பதிப்பார்கள். சுற்றிலும் பொன் நிறத்திலும் வேறு நிறங்களிலும் கோடு இழுப்பார்கள். அதற்கு வெளியே பூக்களை வரைவார்கள். அந்தக் கோடு அழகுக்கு மட்டும் அல்ல. படமும் தாளும் சேரும் இடத்தை அது மறைத்தது.

கணினியில் கோடு

கணினியில் உள்ள படம் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது வழக்கம். அப்படியானால் 4 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள படத்தில் அகலத்துக்கு 1,200 புள்ளிகள், உயரத்துக்கு 1,800 புள்ளிகள்.

கோட்டின் தடிமனையும் புள்ளிக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். 3 புள்ளி என்றால் அச்சில் முடி போல மெல்லிய கோடு வரும். 30 புள்ளி என்றால் சுமார் 2.5 மில்லிமீட்டர் அகலம் வரும். திரையில் படத்தைப் பெரிதாக்கினால் கோடும் தடித்துத் தெரியும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. புள்ளிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்குப் பல மென்பொருள்கள் உள்ளன. கிம்ப் என்பது இலவசமாகக் கிடைக்கும் ஒன்று.

உள்ளேயா, வெளியேயா?

கோட்டை மூன்று இடங்களில் போடலாம்.

உள்ளே போட்டால், படத்தின் ஓரத்தின் மேலேயே கோடு விழும். மூலை கூர்மையாக இருக்கும். ஆனால் ஓரத்தில் உள்ளது மறைந்துவிடும்.

வெளியே போட்டால், படம் முழுதாக இருக்கும். ஆனால் சுற்றிலும் வெற்றிடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் கோடு தெரியாது. முதலில் தாளின் அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நடுவே போட்டால், பாதிக் கோடு உள்ளே, பாதி வெளியே.

மறைந்து போகும் எழுத்து

தர்பங்காவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பாட்டியின் கல்யாணப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஊரும் வருஷமும் எழுதியிருக்கிறது. எழுதியவர் பாட்டியின் அப்பா. பாட்டிக்கு அப்போது படிக்கத் தெரியாது. அறுபது வயதில் எழுத்துக் கற்ற பிறகுதான் அதைத் தானே படித்தார்.

பேரன் அந்தப் படத்தைக் கணினியில் ஏற்றுகிறான். உள்பக்கமாக 30 புள்ளிச் சிவப்புக் கரை போடுகிறான். படம் பளிச்சென்று இருக்கிறது. அதே பெயரில் சேமித்துவிடுகிறான். இப்போது அந்தப் பொடி எழுத்து எங்கே? கரைக்கு அடியில் போய்விட்டது. பழைய படமும் பூஞ்சை பிடித்து அழிந்து போனால், அந்த எழுத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதனால் மூன்று பழக்கங்கள் வேண்டும்.

ஒன்று, முதலில் படத்தின் நகலை எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும்.

இரண்டு, கரையைத் தனி அடுக்கில் போட வேண்டும். கண்ணாடித் தாளைப் படத்தின் மேல் வைத்து வரைவது போன்றது இது. பிடிக்காவிட்டால் அந்த அடுக்கை மட்டும் எடுத்துவிடலாம்.

மூன்று, புதுப் பெயரில் சேமிக்க வேண்டும்.

கடையில் கொடுத்துச் செய்தாலும் இதையே கேட்டு வாங்கலாம். "ஓரத்தில் எழுத்து இருக்கிறது, கரையை வெளியே போடுங்கள்" என்று சொன்னால் போதும்.

நிறமும் அச்சும்

கரையின் நிறத்தைப் படத்திலிருந்தே எடுப்பது நல்லது. புடவை நீலம் என்றால் நீலக் கரை பொருந்தும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு முதலில் அகலமான வெள்ளைக் கரை, அதற்கு வெளியே மெல்லிய கறுப்புக் கோடு. மதுபனி போல இரட்டைக் கோடும் போடலாம். ஒரே பக்கத்தில் ஐந்து படம் இருந்தால் ஐந்துக்கும் ஒரே அளவுக் கோடு போட வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் கலைந்து தெரியும்.

அச்சிட்ட தாளை வெட்டும்போது ஓரம் சற்று முன்பின் ஆகும். தாளின் விளிம்பிலேயே மெல்லிய கோடு இருந்தால், ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் காணாமலும் போகும். விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளிக் கோடு போட வேண்டும்.

விண்ணப்பங்களில் ஒட்டும் படத்துக்கு அலங்காரக் கரை வேண்டாம்.

செய்து பார்க்க

வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றை எடுங்கள். முன்னும் பின்னும், நான்கு ஓரமும் பாருங்கள். எழுத்து இருக்கிறதா? இருந்தால் வாய்விட்டுப் படியுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கரையை அதன் பிறகு போடலாம்.