கறுக்கும் புட்டி

ஜீவாமிர்தம் கரைக்கிற தண்ணியில குளோரின் இருக்கான்னு பார்க்கிறோம். குடிக்கிற தண்ணியை யார் பார்க்கிறோம்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் தொட்டி மேல ஏறிப் பார்த்தாங்க.

அப்போ என் பையில ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருந்தது. ‘இது போதும்’னு பலபேர்கிட்ட சொல்லியிருக்கேன். தப்பு. அது கரைந்த உப்பின் அளவைத்தான் சொல்லும். மலக்கிருமியும் பூச்சிமருந்தும் அதுக்குத் தெரியாது.

மலக்கலப்புக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு புட்டி இருக்கு. 1982-ல் மஞ்சா என்பவரும் உடன் உழைத்தவர்களும் இங்கே இந்தியாவில் உருவாக்கிய முறை. சுத்தம் செய்த சின்னப் புட்டிக்குள்ள மருந்து தோய்த்துக் காயவைத்த ஒரு காகிதம். குறிபோட்ட அளவுக்குத் தண்ணி பிடிச்சு மூடி, வீட்டுக்குள்ள வெதுவெதுப்பான இடத்தில வைக்கணும். குடல்ல வாழும் கிருமிகள் பலவும் கந்தக வாயுவை உண்டாக்கும்; அது காகிதத்தில் உள்ள இரும்போடு சேர்ந்தா தண்ணி கறுத்துடும். ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள். விலையும் கம்மிதான். பார்த்து முடிச்சதும் பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் கொட்டணும், உள்ளே கிருமி பெருகியிருக்கும்.

ஆனா மனுச மலமா மாட்டுச் சாணமா என்று புட்டி சொல்லாது. நம்ம கிணத்தடியில சாணிக்குழி இருந்தா அதுக்கும் கறுக்கும் (என் கிணறு கறுத்தது அப்படித்தான்). அதனால நல்ல நாளிலேயே மாசம் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதி வைக்கணும். எப்பவும் தெளிவா இருந்த தண்ணி திடீர்னு கறுத்தாத்தான் அதுக்கு அர்த்தம்.

ஒரு நாள் காத்திருக்க முடியாதே என்றால், குளோரின் சோதனை இருக்கு. மருந்து ரெண்டு சொட்டு விட்டு நிறம் பார்ப்பது, சில நிமிஷ வேலை. குழாய்த் தண்ணியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும். தொட்டியில் குளோரின் போட்டும் சட்டுனு காணாமப் போனா, அதைத் தின்கிற அழுக்கு ஏதோ உள்ளே விழுந்திருக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரச் சொல்லியிருக்கு. உங்க ஊராட்சியில பெட்டி எங்கேன்னு கேளுங்க.

கிணத்தில் மருந்து ஊத்தினா இந்த ரெண்டும் உதவாது. பால் மாதிரி கலங்கல், மருந்து வாடை, மீனும் தவளையும் மிதப்பது, இதெல்லாம்தான் அடையாளம். வாயில வச்சுப் பார்க்காதீங்க. கொதிக்க வச்சா கிருமி சாகும், மருந்து போகாது.

சந்தேகம் வந்தா உடனே குடிப்பதை நிறுத்தணும். பதட்டத்தில் தொட்டியைக் கழுவிடாதீங்க, ஆதாரம் போயிடும். நாலு பேர் முன்னாடி தண்ணி எடுத்து, தேதி நேரம் எழுதி, மூடி மேல ஒட்டுங்க. மருந்துச் சந்தேகம்னா பிளாஸ்டிக் வேண்டாம், கண்ணாடிப் பாட்டில். கிருமிக்கான மாதிரியைச் சுத்தம் செய்த பாட்டிலில் பிடிச்சு, ஐஸில் வச்சு அன்னைக்கே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குக் கொண்டு போயிடுங்க.