சின்ன ஓவனில் ஒரு பெரிய கேக்

பாட்டியின் பிறந்தநாள் என்றால் எங்கள் குடும்பத்தில் யாரும் கூடிப் பேசி வேலை பிரிப்பதில்லை. சாப்பாடு அத்தை, மேசை நாற்காலி சித்தப்பா, கேக் எங்கள் வீடு. பல ஆண்டுகளாக அப்படித்தான்.

இந்த ஆண்டு பாட்டிக்கு 80 வயது. ஈசூனில் அவர் வசிக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தை ஒரு சனிக்கிழமை மாலைக்குச் சித்தப்பா பதிவு செய்துவிட்டார். ஐம்பது பேருக்கு மேல் வருவார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மா வழக்கம்போல் “கேக் நாங்க கொண்டு வர்றோம்” என்று எழுதினார். எழுதிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

அப்பா 19 ஆண்டுகள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்து அப்போது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. உறவினர்கள் யாருக்கும் தெரியாது. ஐம்பது பேருக்கு முட்டையில்லாத கேக் என்ன விலை என்று நான் இரண்டு கடைகளில் கேட்டேன். இரண்டிலும் 200 வெள்ளிக்கு மேல் சொன்னார்கள். முட்டை போட்டால் கொஞ்சம் குறையும். ஆனால் அது புரட்டாசி மாதம். பாட்டி அந்த மாதம் முழுவதும் சைவம், முட்டையைத் தொடமாட்டார்.

“நான் செய்றேன்மா” என்றேன். அதற்குமுன் நான் செய்த ஒரே கேக், உயர்நிலை இரண்டில் பள்ளிச் சமையலறையில் நான்கு பேர் சேர்ந்து செய்த கப் கேக். அதிலும் என் பங்கு பாத்திரம் கழுவியதுதான். (தமிழாசிரியர் ‘அணிச்சல்’ என்று எழுதச் சொல்வார். இந்தக் கட்டுரைக்கு மட்டும் மன்னித்துவிடுங்கள் ஆசிரியரே, வீட்டில் அதற்குப் பெயர் கேக்தான்.)

வீட்டில் இருந்தவை: ரொட்டி சுடவும் மீன் விரல் சூடாக்கவும் பயன்படும் ஒரு மேசை ஓவன், ஒரே ஒரு 8 அங்குலச் சதுரத் தட்டு, அளவுக் கப், முள்கரண்டி, தேநீர் வடிகட்டி. மின்கலக்கி இல்லை, தராசு இல்லை. பெரிய தட்டு வாங்கினாலும் அந்த ஓவனுக்குள் போகாது.

அப்படியென்றால் கேக்கைத்தான் துண்டாகச் செய்ய வேண்டும். 8 அங்குலச் சதுரங்கள் நான்கை ஒட்டி வைத்தால் 16 அங்குலச் சதுரம். அதை 2 அங்குலத் துண்டுகளாக வெட்டினால் எட்டெட்டு 64. ஐம்பது பேருக்குத் தாராளம். ஒரே அடுக்கு என்றால் பார்ப்பதற்குப் பலகைபோல் இருக்கும் என்பதால் இரண்டு அடுக்கு. ஆக மொத்தம் எட்டு கேக். கணக்குத் தாளில் இது மிகச் சுலபமாக இருந்தது.

செய்முறையையும் வீட்டில் இல்லாதவற்றை வைத்தே தேர்ந்தெடுத்தேன். முட்டை, வெண்ணெய், பால் எதுவும் வேண்டாத சாக்லேட் கேக் ஒன்று உண்டு. 1930களின் பொருளியல் மந்தத்தின்போதும், பிறகு இரண்டாம் உலகப் போர்க் காலப் பங்கீட்டின்போதும் அமெரிக்க வீடுகளில் இத்தகைய கேக்குகளைச் செய்தார்கள். வேலையும் பணமும் இல்லாத காலத்துக் கேக் என்பதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

ஒரு தட்டுக்கு அளவு இது: மைதா ஒன்றரை கப், சீனி ஒரு கப், கோக்கோ 3 மேசைக்கரண்டி, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. கோக்கோவைத் தேநீர் வடிகட்டியில் சலித்து இவற்றைக் கலந்துகொள்ள வேண்டும். பிறகு எண்ணெய் 5 மேசைக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, வெனிலா ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு கப். முள்கரண்டியால் கலக்கி, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் கலக்கினால் மாவின் புரதம் இழுபட்டுக் கேக் ரப்பர்போல் ஆகிவிடும்.

புதன்கிழமை மாலை வகுப்பு முடிந்து வந்து தொடங்கினேன். முதல் கேக் 180 பாகையில். இருபதாவது நிமிடத்தில் மேல்பக்கம் கறுத்துவிட்டது. சாத்தே குச்சியால் நடுவில் குத்தினால் குச்சியில் பச்சை மாவு ஒட்டியது. சின்ன ஓவனில் சூட்டுக் கம்பி கேக்கின் தலைக்கு மிக அருகில் இருக்கிறது. பெரிய ஓவனுக்கு எழுதிய சூடு இதற்குப் பொருந்தாது.

பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் ஓடினேன். நோன்புப் பெருநாளுக்கு வீடு முழுக்க குவே செய்து அடுக்குபவர். அவர் சிரித்துவிட்டு, சூட்டை 165க்குக் குறை, பாதி நேரத்தில் மேலே அலுமினியத் தாள் போடு, தட்டில் போடும் காகிதம் இரண்டு பக்கமும் வெளியே நீண்டிருக்கட்டும், அதைப் பிடித்துத் தூக்கலாம் என்று சொன்னார். தன்னுடைய 8 அங்குலத் தட்டு ஒன்றையும் கையில் கொடுத்தார்.

இரண்டு தட்டு வந்ததும் எனக்குப் புத்திசாலித்தனம் வந்துவிட்டது. இரண்டு கேக்குக்கான மாவையும் ஒரே நேரத்தில் கலக்கினால் நேரம் மிச்சம்தானே? கலக்கினேன். ஒன்று ஓவனுக்குள் போனது, இன்னொன்று மேசையில் 45 நிமிடம் காத்திருந்தது. முதலாவது அழகாக எழுந்தது. இரண்டாவது ஓவனிலிருந்து போனபடியே திரும்பி வந்தது, தட்டையாக, கனமாக.

உயர்நிலை மூன்றில் வேதியியல் படித்தவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்த அந்த நொடியே கரியமில வாயு வரத் தொடங்கும். இந்தக் கேக்கை உப்பவைப்பது அந்த வாயுதான். முட்டை இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை, வேறு உதவிக்கு யாரும் இல்லை. 45 நிமிடத்தில் வாயு பெரும்பாலும் காற்றோடு போயிருக்கும். தேர்வில் இந்தச் சமன்பாட்டை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

இரவு பதினொரு மணி. உருப்படியான கேக் ஒன்று, கறுத்தது ஒன்று, தட்டையானது ஒன்று. சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்தார். வேலை போனதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. காலையில் கணினி முன் உட்கார்ந்து விண்ணப்பங்கள் அனுப்புவார், மாலையில் தொலைக்காட்சி. தட்டையானதில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, “ருசி நல்லாத்தான்மா இருக்கு” என்றார். பிறகு ஓவனைக் குனிந்து பார்த்து, “ஒரு கேக்குக்கு எத்தனை நிமிஷம்? எழுதி வெச்சிருக்கியா?” என்று கேட்டார்.

நான் எழுதி வைக்கவில்லை. தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர் அவர். ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுக் கட்டம் வரைந்தார். கேக் எண், சூடு, உள்ளே போன நேரம், அலுமினியத் தாள் போட்ட நேரம், குச்சி சுத்தமாக வந்த நேரம். அடுத்த இரண்டு நாளும் நான் வகுப்பில் இருந்தபோது, ஒவ்வொரு கிண்ணத்திலும் உலர்ந்த பொருள்களைத் தனித்தனியே அளந்து வரிசையாக வைத்திருந்தார். ஒரு கேக் வெளியே வந்த பிறகுதான் அடுத்ததற்குத் தண்ணீரும் வினிகரும். ஒன்றுக்கு 42 நிமிடம். வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு எட்டாவது கேக் வெளியே வந்தது. தட்டையான அந்தக் கேக்கை அவரே தேநீரோடு தின்று தீர்த்திருந்தார்.

மேலே பூசுவதற்கு வெண்ணெய்க் கிரீம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நம் ஊர் வெயிலில், திறந்த கீழ்த்தளத்தில் வெண்ணெய் நிற்காது. கனாஷ் என்பது சூடான கிரீமைச் சாக்லேட்மேல் ஊற்றிக் கலக்குவது, அவ்வளவே. பொதுவாக இரண்டும் சம எடை போடுவார்கள். வெப்பத்துக்குத் தாங்க வேண்டுமென்றால் கறுப்புச் சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு. கிரீமைக் கொதிக்க விட்டுவிட்டதால் முதல் முறை எண்ணெய் பிரிந்துவிட்டது. வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்துக் கலக்கியதும் திரும்பச் சேர்ந்து மினுமினுத்தது. சாக்லேட் 1.2 கிலோ, கிரீம் 600 மில்லி வேண்டியிருந்தது. மொத்தச் செலவில் பாதி இதுதான். எல்லாம் சேர்த்து அறுபது வெள்ளிக்குள் முடிந்தது.

கடைசி நேரத்தில்தான் இன்னொன்று உறைத்தது. 16 அங்குலக் கேக் எங்கள் குளிர்பதனப் பெட்டிக்குள் போகாது, வாடகை காரிலும் தட்டையாக வைத்துக் கொண்டுபோக முடியாது. அதனால் இரண்டிரண்டாக அடுக்கி நடுவில் கனாஷ் தடவிய நான்கு கட்டிகளைத் தனித்தனியாகவே கொண்டுபோனோம். ஈரச்சந்தைப் பழக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டைரோஃபோம் பெட்டிகளில் பனிக்கட்டிப் பொதிகளோடு. பலகைக்கு அப்பா பழைய உடை அலமாரியின் ஒரு தட்டைக் கழற்றி, துடைத்து, அலுமினியத் தாள் சுற்றினார்.

கீழ்த்தளத்தில் மூன்று மணிக்கு வேலையைத் தொடங்கினோம். நான்கையும் சேர்த்தால் ஒன்று மற்றதைவிட விரல் அகலம் உயரம். அப்பா சட்டைப் பையிலிருந்து சின்ன ரசமட்டத்தை எடுத்தார்! சீவ வேண்டிய இடத்தைச் சொல்லச் சொல்ல, ரொட்டிக் கத்தியால் நான் சீவினேன். சீவியதை உதிர்த்துக் கனாஷோடு பிசைந்து இடுக்குகளை அடைத்தேன். பூசி மட்டமாக்கியது என்னுடைய 30 சென்டிமீட்டர் அடிக்கோல். கழுவித்தான். ‘80’ என்று காகிதத்தில் வெட்டி, அதை மேலே வைத்து, தேநீர் வடிகட்டியால் பொடிச் சீனியைத் தூவினேன். ஈரக்காற்றில் பொடிச் சீனி கரைந்துவிடும் என்பதால், அதை மட்டும் பாட்டி மின்தூக்கியில் இறங்கி வரும் வரை நிறுத்தி வைத்திருந்தேன்.

ஏறக்குறைய ஏழு கிலோ. ஓர் ஓரம் லேசாகச் சாய்ந்துதான் இருந்தது.

“முட்டை இல்லையே?” என்று பாட்டி கேட்டார். இல்லை என்றதும் முழுத் துண்டையும் சாப்பிட்டார். அத்தை, “எந்தக் கடை அண்ணா?” என்றார்.

“கடை இல்ல. நானும் பாப்பாவும் செஞ்சது” என்றார் அப்பா. பிறகு அந்த நேரக் கட்டம், ரசமட்டம், 42 நிமிடம் எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் விளக்கத் தொடங்கினார். “உனக்கு ஏதுண்ணே இவ்வளவு நேரம்?” என்று சித்தப்பா சாதாரணமாகத்தான் கேட்டார்.

“நாலு மாசமா வீட்லதான் இருக்கேன்டா. ஆட்குறைப்பு.”

அம்மா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார். சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஏண்ணே சொல்லல?” என்று கேட்டார். அதற்குமேல் அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நான் துண்டு வெட்டிக்கொண்டிருந்தேன், பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

பன்னிரண்டு துண்டு மிஞ்சியது. மறுநாள் காலை மக்சிக்கின் தட்டைக் கழுவித் துடைத்து, வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாது என்று அம்மா அதில் ஆறு துண்டு வைத்துக் கொடுத்தார். மக்சிக் வாசலிலேயே ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு, வினிகர் எவ்வளவு போட்டாய் என்று கேட்டார். அப்பா உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வந்தார்.